பாதிச் சாலையைத் தோண்டும்போது எத்தனை கோன் வைக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருப்புல்லாணி தாண்டி ஒரு சிறுபாலத்தைப் பாதி பாதியாக இடித்துக் கட்டப்போகிறீர்கள். அதையொட்டி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையை அகலப்படுத்தும் வேலையும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் டிராஃபிக் பிளானை நீங்களே வரையச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து 80 மீட்டருக்கு டேப்பர், அதாவது லேனைச் சாய்வாக மூடிக்கொண்டு வரும் கோன் வரிசை, போட்டிருக்கிறீர்கள். அதற்கு எத்தனை கோன், எத்தனை போர்டு என்று கேட்கிறீர்கள். கேள்வி கோனைப் பற்றியதாக இருந்தாலும், இந்தச் சாலையை இன்றுவரை பார்த்தே இராத ஒருவர் ராத்திரி 2 மணிக்கு அந்த இடத்துக்கு வரும்போது அவருக்கு என்ன தெரிய வேண்டும், எவ்வளவு தூரத்துக்கு முன்னால் தெரிய வேண்டும் என்பதுதான் உண்மையில் நீங்கள் தீர்க்க வேண்டியது. அதைத் தீர்த்துவிட்டால் கோன் எண்ணிக்கை தானாக வந்துவிடும். நான் 22 ஆண்டுகளாகச் சாலை வேலைகளில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இந்தக் கடற்கரையில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 80 மீட்டரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எப்படி வந்தது என்று புரிகிறது. அகலம் 3.5 மீட்டர், வேகம் 60. அகலத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 155-ஆல் வகுத்தால் 81 வரும். சூத்திரம் சரி, நீங்கள் போட்ட இடம்தான் தப்பு. ஒரே திசையில் இரண்டு லேன் ஓடும் சாலையில் ஒன்றை அடைத்து, வண்டிகளைப் பக்கத்து லேனில் கலக்கவிடும்போது பயன்படுவது அது. உங்களுடையது இருவழிச் சாலை. இடது பாதியை அடைத்தால் வண்டி போக வேண்டியது எதிரே வருபவரின் பாதியில். அங்கே 80 மீட்டருக்குச் சாய்வாகக் கோன் அடுக்கினால் “வேகத்தைக் குறைக்காமல் அப்படியே வலது பக்கம் ஏறிக்கொள்” என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதே கையேட்டில் இதற்குத் தனியாக ஒரு டேப்பர் இருக்கிறது: குறைந்தது 15 மீட்டர், கூடினால் 30 மீட்டர், கோன்களுக்கு இடையே சுமார் 6 மீட்டர். வேண்டுமென்றே குட்டையாக வைப்பது. வண்டி நிற்க வேண்டிய இடம் அது. ஆக ஒரு பக்கத்துக்கு ஆறு கோன் போதும். இன்னொன்று, அந்தக் கையேட்டின் படங்கள் எல்லாம் வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்கு வரைந்தவை. அப்படியே நகல் எடுத்து, கொடிக்காரரைத் தப்பான பக்கத்தில் நிறுத்தி வரைந்த பிளான் ஒன்று கையெழுத்தாகி சைட்டுக்கு வந்ததையே நான் பார்த்திருக்கிறேன். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வரையுங்கள்.

நீங்கள் மேசையில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு. இந்திய சாலைப் பேராயம் 2014-இல் திருத்தி வெளியிட்ட எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி ஒன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை விவரக்குறிப்பில் 112-வது பிரிவு மற்றொன்று. உங்கள் ஒப்பந்தத்தோடு நேரடியாக ஒட்டியிருப்பது இந்த இரண்டாவது. பாதிச் சாலையில் வண்டி விட்டு மீதிப் பாதியில் வேலை செய்வதானால், ஒரே இடத்தில் தொடர்ச்சியாக 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் பொதுவான வரம்பு. வேலை நடக்காத பக்கத்தில் ஷோல்டரை, அதாவது தார் ரோட்டை ஒட்டிய ஓரத்தை, குறைந்தது 1.5 மீட்டர் அகலத்துக்கு, 150 மி.மீ. கனத்தில் ஜல்லி போட்டு, மேலே தாரும் பூசிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்க ஷோல்டரையும் ஒரே வாரத்தில் தோண்டிப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஜே.சி.பி. வந்தது வந்துவிட்டது, இன்னொரு பக்கத்தையும் எடுத்துவிடலாம் என்று சூப்பர்வைசர் சொல்வார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் அந்த ஷோல்டரில் ஆள் நடக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு அந்தச் சாலையில் நின்று பாருங்கள். இரும்புச் சட்டம் போட்ட தள்ளுவண்டியில் ஐந்தாறு பிளாஸ்டிக் குடங்களை வைத்துக்கொண்டு பெண்கள் தண்ணீருக்குப் போவார்கள். போகும்போது வண்டி லேசு. திரும்பும்போது நூறு கிலோவுக்கு மேல் கனம், சின்னச் சக்கரம், முதுகுப் பக்கம் லாரி வரும். அந்தச் சக்கரம் ஜல்லியில் உருளாது. ஷோல்டர் இல்லையென்றால் அவர் தார் ரோட்டுக்குத்தான் ஏறுவார், அதுவும் நீங்கள் ஏற்கெனவே பாதியாகக் குறைத்துவிட்ட தார் ரோட்டுக்கு. உங்கள் வரைபடத்தில் அந்தத் தள்ளுவண்டிக்கு என்று 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு கோடு இருக்க வேண்டும். எந்தக் கையேடும் தள்ளுவண்டியைப் படம் போட்டுக் காட்டாது. நாம்தான் போட வேண்டும்.

அடுத்து, நீளம். இதில்தான் பிளான் பிழைப்பதும் கெடுவதும். வண்டிகளை மாற்றி மாற்றி விடப்போகிறீர்கள் அல்லவா, அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடைத்த நீளத்தை வண்டிகள் 20 கி.மீ. வேகத்தில் கடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டரைக் கடக்க 90 நொடி. கடைசி வண்டி வெளியேறும்வரை எதிர்ப் பக்கத்தைத் திறக்க முடியாது. ஆக இரு பக்கத்தையும் ஒவ்வொரு முறை திறந்து மூடும் ஒரு சுற்றில் இரண்டு முறை 90, மொத்தம் 180 நொடி வீண். நின்ற வரிசை கிளம்பும்போது 3 நொடிக்கு ஒரு வண்டி போகும் என்று கொள்வோம். ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 200 வண்டி வந்தால், ஒரு முழுச் சுற்று 270 நொடி, அதாவது நாலரை நிமிடம்: அதற்குள் ஒரு பக்கம் சேரும் 15 வண்டி போக 45 நொடி, இரு பக்கத்துக்கும் 90, அதோடு வீணாகும் 180. இது ஓடும். அதே இடத்தில் மணிக்கு 400 வண்டி வந்தால் சுற்று 9 நிமிடமாகிவிடும். அடைப்பை ஒரு கிலோமீட்டராக்கினால் 18 நிமிடம். மணிக்கு 600 வந்தால் நீளம் எதுவானாலும் வரிசை தீரவே தீராது. இப்போது சிறுபாலத்தை மட்டும் தனியாக அடைத்து, நீளத்தை 100 மீட்டருக்குள் வையுங்கள். கடக்க 18 நொடி. 400 வண்டி வந்தாலும் சுற்று 2 நிமிடத்துக்குள் முடிகிறது. ஒரு கிலோமீட்டர் அகலப்படுத்தலையும் பாலத்தையும் ஒரே அடைப்பில் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இதில் உறுதியானது எது, என் மதிப்பீடு எது என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கணக்கின் அமைப்பு உறுதி. 20 கி.மீ. வேகம், 3 நொடி இரண்டும் நம் கலவைப் போக்குவரத்துக்கு நான் வைத்துக்கொண்ட தோராயம். முன்னால் ஒரு டிப்பரோ உப்பு லாரியோ நின்றால் அதற்கு மட்டும் 5 நொடிக்கு மேல் ஆகும். வாலிநோக்கம் பக்கத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் லாரிகள் உங்கள் சாலையில் உண்டு. பைக்குகளை இரண்டுக்கு ஒன்றாக எண்ணுங்கள். மணிக்கு எத்தனை வண்டி என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் எண்ண வேண்டும். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு, இரண்டிலும் அதிகாலை 3 முதல் 6, காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8. இரண்டு பையன்களை டேலி ஷீட்டோடு உட்கார வைத்தால் போதும். அந்த ஆறு தாள் இல்லாமல் வரையும் பிளானை நான் நம்புவதில்லை.

அதிகாலை 3 மணி எதற்கு என்று கேட்பீர்கள். மீன் வண்டிக்காக. கரையில் ஏலம் முடிந்ததும் ஐஸ் பெட்டியோடு கிளம்பும் வண்டிகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. பத்து நிமிடம் நிறுத்தினால், மூன்றாவது நாள் அந்த ஓட்டுநர் கொடியைப் பார்த்து நிற்க மாட்டார், ஏறி வந்துவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? காத்திருப்பை நான்கு நிமிடத்துக்குள் வைத்தால் அவரும் நிற்பார். இது விதி இல்லை, நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

இதோடு நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் வண்டி பெரும்பாலும் குறைந்துவிடும். மழையும் இல்லை. பாலத்தைத் தோண்ட இதைவிட நல்ல காலம் இல்லை என்று தோன்றும். பாதி உண்மைதான். அதே நாட்களில்தான் பள்ளி விடுமுறை. ராமேஸ்வரம், தனுஷ்கோடி பார்த்துவிட்டுத் திருப்புல்லாணி, ஏர்வாடி, திருச்செந்தூர் என்று வேன் வேனாகப் போவார்கள். ஓட்டுநர்கள் எல்லாம் வெளியூர், சாலை புதிது. ஆகவே அந்த இரண்டு மாதத்தில் அதிகாலை லேசாகும், பகலும் முன்னிரவும் கனக்கும். என்னைக் கேட்டால் பாலத்தை அப்போதே செய்யுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கண்மாய் மறுகால் வரும், உங்கள் குழி குளமாகும். பாலத்தைத் தோண்டி வைத்துவிட்டு மழையில் மாட்டிக்கொள்வதைவிட வேனைச் சமாளிப்பது எளிது. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளுக்கு முதல் நாளும் அன்றும் வேலையை நிறுத்தி, முடிந்தவரை இரண்டு லேனையும் திறந்துவிடுங்கள். சேதுக்கரைக்குப் போகிறவர்கள் திருப்புல்லாணி வழியாகத்தான் வருவார்கள். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா பிறைக் கணக்கு. ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் தள்ளி வரும், போன ஆண்டுத் தேதியை நம்பாதீர்கள்.

இனி போர்டுகள். வேலைப் பகுதியை நான்காகப் பிரிப்பார்கள்: எச்சரிக்கும் பகுதி, பாதை மாறும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழையபடி சேரும் பகுதி. வேகத்துக்கு ஏற்ற நீளங்கள் எஸ்.பி. 55-இல் அட்டவணையாக இருக்கின்றன, அவற்றைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். குழியிலிருந்து அளக்கிறார்கள். மணிக்கு 400 வண்டி வரும் 500 மீட்டர் அடைப்பில், ஆறு நிமிடம் மூடியிருக்கும்போது 40 வண்டி சேரும். வரிசை 300 மீட்டருக்கு நீளும். உங்கள் முதல் போர்டு குழியிலிருந்து 300 மீட்டரில் இருந்தால், கடைசியாக நிற்கும் வண்டி போர்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பின்னால் வருபவருக்கு எச்சரிக்கையே கிடையாது. அளவை வரிசையின் வாலிலிருந்து எடுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வருபவர் பார்த்து நிற்க 80 மீட்டர் வேண்டும், 80 கி.மீ. என்றால் 120 மீட்டர். வால் எங்கே முடியும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் பின்னால் இந்தத் தூரத்தைவிட நிறையவே விட்டு முதல் போர்டு.

போர்டு நட்ட பிறகு ஒரு முறை வண்டியில் வந்து பாருங்கள். சாலையோரச் சீமைக்கருவேலம் ஒரு மாதத்தில் போர்டை மூடிவிடும், வெட்ட ஆள் வேண்டும். ஆடியில் கச்சான் காற்றும் மார்கழியில் வாடையும் போர்டைத் தள்ளும். கால்களில் மணல் மூட்டை வையுங்கள், தரையோடு தரையாக. கருங்கல்லையோ சிமென்ட் கட்டையையோ முட்டுக் கொடுக்காதீர்கள். வண்டி மோதினால் அந்தக் கல்தான் பறந்து போய் ஆளை அடிக்கும். கல், மண் நிரப்பிய தார் டிரம்முக்கும் இதேதான். உப்புக் காற்றில் ஒளிரும் ஸ்டிக்கர் மேல் தூசி கலந்த ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். பகலில் தெரியாது, இரவில் ஹெட்லைட் பட்டால் போர்டு மங்கலாக இருக்கும். வாரம் ஒரு நாள் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். “வேகம் 20” என்று ஒரே அடியாகப் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். 60, 40, 30 என்று படிப்படியாக இறக்குங்கள்.

கொடிக்காரரை ஷோல்டரில் நிறுத்துங்கள், லேனுக்குள் வேண்டாம். வருகிறவருக்கு 80 மீட்டருக்கு முன்னாலேயே அவர் தெரிய வேண்டும். அவர் தனியாக நிற்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து நின்றால் யார் கொடிக்காரர், யார் வேடிக்கை பார்ப்பவர் என்று தெரியாது. வண்டி நிற்காமல் வந்தால் அவர் குதித்து ஓட வழி இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் குழியை வைத்து நிறுத்தக் கூடாது. இரு பக்கக் கொடிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாவிட்டால் வாக்கி டாக்கி கொடுங்கள். கெட்டுப்போனால் கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து, அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திறக்கும் பழைய முறை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள். 108 ஆம்புலன்ஸ் வந்தால் இரு பக்கமும் நிறுத்தி அதை விடுவது என்று முதல் நாளே சொல்லிவைத்து, ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கும் 108-க்கும் அடைப்பு பற்றித் தகவல் கொடுத்துவிடுங்கள். பின்னால் எப்போதாவது மண்டபம், பாம்பன் பக்கம் வேலை வந்தால் இது இன்னும் முக்கியம். தீவுக்குப் போக அந்த ஒரு சாலைப் பாலம்தான், சுற்றிப் போக வழியே இல்லை.

இரவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இதே கடற்கரையில் வேறொரு இடத்தில், பல ஆண்டுகளுக்கு முன்னால், நான் பொறுப்பில் இருந்த வேலை. பிளான் நன்றாக இருந்தது, ஒப்புதலும் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஜே.சி.பி. உள்ளே இறங்குவதற்காக மூன்று பேரிகேடை நகர்த்தினார்கள். வேலை முடிந்து வண்டி வெளியே வந்தது. பேரிகேடை யாரும் திரும்ப வைக்கவில்லை. கொடிக்காரர் பத்து மணிக்குக் கிளம்பிவிட்டார். அதிகாலை மூன்றரை மணிக்கு டி.வி.எஸ். 50-இல் பின்னால் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் நேராகக் குழிக்குள் போய்விட்டார். இரண்டு மீட்டர் ஆழம். நான் போனபோது ஐஸ் இன்னும் கரையாமல் கம்பிக்கு நடுவே கிடந்தது. நட்டு வைத்திருந்த கம்பிகளுக்கு ஒரு அடி தள்ளி விழுந்திருந்தார். தொடை எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தார். லோ பீமில் நாற்பது, ஐம்பது மீட்டர்தான் தெரியும், 60-இல் வந்தால் நிற்க 80 வேண்டும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்குக் குழி தெரிந்திருக்க வழியே இல்லை.

அன்றிலிருந்து மூன்று விஷயத்தை விடுவதில்லை. மாலை 6, இரவு 10, அதிகாலை 3 மணிக்கு இரு முனையிலிருந்தும் போட்டோ, நேரம் தெரிய. நட்டு வைத்த கம்பிகளின் முனைக்கு மூடி. இரவு முழுக்க ஷிப்டில் கொடிக்காரர், அவர் மேல் விழும்படி ஒரு விளக்கு. அடைப்பு குட்டையாக இருந்து, இரண்டு பக்கத்தாருக்கும் எதிரே வருவது தெளிவாகத் தெரிந்து, வண்டியும் மிகக் குறைவு என்றால் ஆள் இல்லாமலே ஓட்டுநர்கள் விட்டுக்கொடுத்துப் போவார்கள் என்று கையேடுகள் ஒத்துக்கொள்கின்றன. ஆனால் குழி ஆழமாக இருக்கும் வரை நான் அதை இங்கே செய்ய மாட்டேன். டிப்பரையும் ரோலரையும் இரவில் ஷோல்டரில் விட்டுப் போகக் கூடாது, கேம்ப்புக்குப் போக வேண்டும்.

செலவு என்று யாராவது முகம் சுளித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவைக் காட்டுங்கள். பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் யாராக இருந்தாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை பெரிதில்லை. ஆனால் யார் பொறுப்பு என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது என்பது கூட்டத்தில் உதவும். வண்டிகளை வேறு சாலைக்குத் திருப்புவதானால் அது உங்கள் கையில் இல்லை. காவல்துறையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு உங்கள் மேலதிகாரிதான் போக வேண்டும்.

வரைந்து முடித்ததும் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள் தம்பி. ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு ராத்திரி 2 மணிக்கு மேல் ராமநாதபுரத்திலிருந்து கிளம்பி, லோ பீமில், அந்த இடத்தைத் தாண்டி கீழக்கரை வரை போய் வாருங்கள், திரும்பும்போது எதிர்ப் பக்கத்தையும் பாருங்கள். போர்டு வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வளைவு எங்கே மறைக்கிறது, எந்தக் கருவேலம் நிற்கிறது, எந்த வீட்டுத் திண்ணை விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். காலையில் அந்தக் கோடுகளை டேப் வைத்து அளந்து வரைபடத்தில் ஏற்றுங்கள். வண்டி எண்ணிக்கைத் தாள்களையும் இங்கே போட்டால், சுற்று நேரத்தை நானும் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன்.